பழைய பெட்டியும் புதிய பெட்டியும்

சென்ற சில கிழமைகளாக எமக்கு வந்த கடிதங்களுட் பல ஒரே பொருளைப் பற்றியன. "எங்களிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கின்றது. அதனினும் வலிமை மிக்க புறோ என்னும் பெட்டி வந்துள்ளதே, அதற்கு மாறலாமா?" என்பதே அவற்றின் சாரம். எழுதியோர் பெரும்பாலும் மாணவர். ஆனால், எம்மைப் பேனா எடுக்கச் செய்தது மாணவர் கடிதமன்று. ஓர் அன்னையாரின் கடிதம்.

அவருடைய மூத்த மகன் வெளிநாடொன்றில் இரவு வேலை செய்கின்றார். இளையவன் அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கின்றான். மூன்று ஆண்டுகளுக்கு முன் தமையன் கொண்டுவந்து கொடுத்த பெட்டியைப் பற்றித் தம்பி இப்பொழுது மூன்று குறை சொல்கின்றானாம். பெட்டியில் இடமில்லை, விளையாட்டு இழுத்து இழுத்து ஓடுகின்றது, பெட்டி இரைகின்றது. இதைக் கேட்ட தமையன், மார்கழியில் வரும்பொழுது புறோவையே கொண்டுவருவதாக வாக்களித்துவிட்டார். "அவன் அங்கே நித்திரை முழித்து உழைக்கிற காசு, ஐயா. இந்தச் சாமான் உண்மையாகவே தேவையா, அல்லது சின்னவன் எங்கள் இருவரையும் பேய்க்காட்டுகிறானா?" என்று அன்னையார் கேட்கின்றார். வீட்டுத் தொலைக்காட்சி 32 அங்குலம் என்பதையும் மறவாது எழுதியிருக்கின்றார். அந்த ஒரு வரி எமக்குப் பெரிதும் உதவிற்று.

நாம் இவ்விளையாட்டுக்களில் வல்லுநர் அல்லோம். பழைய மாணவர் ஒருவர் வீட்டிற் கைப்பிடியை வாங்கிப் பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை மாண்டதே எமது அனுபவம். ஆயினும், பெட்டியின் வலிமை பற்றிய கணக்குப் பௌதிகக் கணக்கே. வகுப்பிற் சொல்வது போலவே சொல்லிப் பார்ப்போம்.

பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தது 2020 ஆம் ஆண்டு நவம்பரில். புறோ வெளிவந்தது 2024 நவம்பர் 7 ஆந் திகதி. படம் வரையும் பகுதியின் கணிப்பு அலகுகள் பழையதில் 36, புதியதில் 60. அஃதாவது 67 வீதம் அதிகம். விளம்பரம் செய்வோர் பெரிதும் விரும்பும் 'டெராபுளொப்ஸ்' கணக்கிற் பழையது ஏறத்தாழ 10.3, புதியது 16.7. இவற்றைக் கண்ட மாணவர் ஒருவர், "ஒன்றரை மடங்குக்கு மேலல்லவா, ஐயா!" என்று வியந்து எழுதியிருக்கின்றார். தம்பி, அவசரப்படற்க. நினைவகத்தின் வேகம் 28 வீதமே கூடியிருக்கின்றது. நூறு பேர் நெற் சுமக்க ஆயத்தமாக நின்றாலும் களஞ்சியத்தின் கதவு ஒடுங்கியதானால் என்ன செய்வது? ஆகவேதான் செய்தவர்களாகிய சொனி கொம்பனியாரே படம் வரையும் வேகம் ஏறத்தாழ 45 வீதம் கூடியதென்று அடக்கமாகச் சொல்லினர்.

இந்த 45 வீதம் கண்ணுக்கு என்ன தரும் என்பதே வினா. இன்றைய விளையாட்டுக்கள் பலவற்றில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்றிற் படம் மிகத் தெளிவாக இருக்கும். செக்கனுக்கு 30 படங்களே வரும். மற்றையதில் 60 படங்கள் வரும். அசைவு வழுவழுப்பாக இருக்கும். படமோ சற்று மங்கும். புறோவை அறிமுகஞ் செய்தபொழுது அதன் தலைமைச் சிற்பியாகிய மார்க் சேர்னி, ஆடுவோருள் முக்காற் பங்கினர் வேகத்தையே தெரிகின்றனர் என்றார். தெளிவையும் வேகத்தையும் ஒருங்கே தருவதுதான் புறோவின் நோக்கமாம்.

இப்பொழுது கணக்கைப் போடுவோம். செக்கனுக்கு 30 படமாயின் ஒரு படம் வரைய 33.3 மில்லிசெக்கன் கிடைக்கும். 60 படமாயின் 16.7 மில்லிசெக்கனே. பழைய பெட்டி 33.3 மில்லிசெக்கனில் வரைந்த அதே படத்தை 45 வீதம் வேகங் கூடிய பெட்டி வரைய எவ்வளவு நேரம் வேண்டும்? 33.3 ஐ 1.45 ஆற் பிரிக்க, 23 வரும். 23 மில்லிசெக்கன் என்பது செக்கனுக்கு 43 படம். அறுபதைத் தொடவில்லை! வலிமை மாத்திரம் போதாது என்பதை இதிலிருந்தே மாணவர் கண்டுகொள்ளலாம்.

எஞ்சிய தூரத்தைக் கடக்க அவர்கள் ஓர் உபாயஞ் செய்தனர். படத்தைக் குறைந்த புள்ளிகளுடன் விரைவாக வரைந்துவிட்டு, இடையிலுள்ள புள்ளிகளை முன்னரே பயிற்றப்பட்ட ஒரு கணிப்பு முறையால் நிரப்புகின்றனர். அதன் பெயர் சுருக்கமாகப் பி.எஸ்.எஸ்.ஆர். கடைசி வாங்கில் இருக்கும் மாணவனுக்குக் கரும்பலகையில் நாம் எழுதும் எழுத்துக்கள் முழுவதுந் தெரிவதில்லை. ஆயினும், பல நாள் பாடங் கேட்டவன் பாதி எழுத்தைக் கண்டே சொல்லை ஊகித்துக் கொப்பியில் எழுதிவிடுகின்றான். இதுவும் அத்தகையது. ஊகம் சில வேளை பிழைப்பதும் உண்டு. மெல்லிய இலைகளும் தூரத்துக் கம்பிகளும் நடுங்கித் தோன்றும். ஆனால், பொருந்திய இடத்தில் விளைவு மெச்சத்தக்கது. 2024 இல் வெளிவந்த 'பைனல் பான்டசி 7 ரீபேர்த்' என்னும் விளையாட்டு, பழைய பெட்டியில் விரைவு முறையில் ஆடுகையிற் கண்ணாடியில் ஆவி படிந்தாற்போல மங்கலாக இருந்தது. புறோவில் அதே வேகத்திற் படம் தெளிந்துவிட்டது. இதனை நாமே கண்டோம். மாணவர் வீட்டிலிருந்த தொலைக்காட்சி 65 அங்குலம் என்பதையும் உடன் சொல்லிவிட வேண்டும்.

எல்லா விளையாட்டுக்களும் இவ்வாறு திருந்தமாட்டா. படத்தை வரைவது ஒரு பகுதி. ஊர்ச் சனங்கள் எங்கே நடக்கின்றனர், எறிந்த கல் எங்கே விழும் என்பவற்றைக் கணிப்பது செயலி என்னும் வேறொரு பகுதி. அச்செயலி இரு பெட்டிகளிலும் ஏறத்தாழ ஒன்றே. வேண்டுமாயிற் புதியதை 10 வீதம் விரைவாக ஓட்டலாம், அவ்வளவே. 'டிராகன்ஸ் டொக்மா 2' போன்ற விளையாட்டில் நகரத்துள் நுழைந்ததும் ஓட்டம் தளர்வது சனக்கூட்டத்தைக் கணிக்கும் செயலியின் பாரத்தினால். அங்கே புறோ பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

பழைய கதை ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகின்றது. 1994 ஆம் ஆண்டின் இறுதியில் சேகா கொம்பனியார் தமது மெகா டிறைவ் பெட்டியின் மேற் பொருத்தி வலிமையூட்டும் '32 எக்ஸ்' என்னும் துணைப்பொறியை விற்றனர். அதே வேளையில் அவர்களுடைய அடுத்த பெட்டியாகிய சற்றேண் யப்பானில் விற்பனைக்கு வந்துவிட்டது! துணைப்பொறிக்கென நாற்பதளவு விளையாட்டுக்களே பிறந்தன. இரண்டாண்டுக்குள் அதன் கதை முடிந்தது. நின்டெண்டோவின் கதை வேறு. 1998 இல் நின்டெண்டோ 64 பெட்டிக்கு நினைவகத்தை 4 மெகாபைற்றிலிருந்து 8 ஆக்கும் சிறு துண்டொன்றை விற்றனர். 1999 இல் வந்த 'டொங்கி கொங் 64' அத்துண்டின்றி ஓடாது. அக்காலத்துப் பிள்ளைக்கு அதனை வாங்க நியாயம் இருந்தது. வாங்காவிடின் ஆடவே இயலாது.

இதனாற் புறோவைப் பற்றிக் கேட்கவேண்டிய முதற் கேள்வி இதுவே: பழைய பெட்டியில் ஓடாத விளையாட்டு ஏதும் புறோவில் ஓடுமா? இல்லை. 2016 இல் பிளேஸ்டேஷன் 4 புறோ வந்தபொழுதும் இதுவே முறைமை. புறோவில் ஓடுவது யாவும் பழையதிலும் ஓடும். வாங்காதவன் எதையும் இழப்பதில்லை.

பிளேஸ்டேஷன் 4 ஐ இன்னும் வைத்திருக்கும் மாணவர் இருவர் எழுதியிருக்கின்றனர். அவர்கள் நிலை வேறு. புதிய விளையாட்டுக்கள் பல அப்பெட்டிக்கு வருவதில்லை. அதன் சுழல்தட்டுச் சேமிப்பகமும் மிக மெதுவானது. அவர்களுக்கு 5 ஆம் இலக்கப் பெட்டியே பெரும் பாய்ச்சல். பழைய விளையாட்டுக்களும் மிகச் சிலவொழிய அதில் ஓடும். அதற்கு மேலே புறோவுக்குத் தாவ வேண்டியதில்லை.

இனி விலை. 2024 இல் அமெரிக்காவில் 699.99 டொலர், 2025 ஓகஸ்டில் 749.99 டொலராக உயர்த்தினர். வாங்குமுன் அன்றைய விலையை விசாரித்தறிக. இவ்வளவு கொடுத்தும் பெட்டியில் இறுவட்டுச் செலுத்தும் பகுதி இல்லை. அது தனியே, 2024 இல் அதன் விலை 79.99 டொலர். பொருத்தியபின் ஒரு முறை இணையத் தொடர்பிற் பதிந்தால் அன்றி அது இயங்காது. இறுவட்டுக்களைக் கடனாகக் கொடுத்து வாங்கும் வழக்கமுள்ள பிள்ளைகள் இதனை அறியாது பெட்டியை வாங்கிவிட்டு இறுவட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது பரிதாபம். நிறுத்தி வைக்கும் தாங்கிக்கும் வேறாகப் பணம் என்பதை நினைக்க எமக்குச் சிரிப்புத்தான் வருகின்றது.

இவ்வளவையும் அறிந்த பின்னும் மாற விரும்புவோர் இருப்பர். பெரிய 4 கே தொலைக்காட்சி வைத்திருக்கும் வங்கி உத்தியோகத்தர் ஒருவர், இரவு ஒரு மணிநேரம் ஆடுவதே தமக்குள்ள ஒரே பொழுதுபோக்கு என்று எழுதியிருக்கின்றார். சொந்த உழைப்பு, தகுந்த திரை, வாங்குக என்போம். அவருக்கும் அவர் போன்றோருக்கும் ஓர் எச்சரிக்கை மாத்திரம்: பழைய பெட்டியைத் துடைத்து விற்க விரையற்க. 5 ஆம் இலக்க விளையாட்டுக்களில் நாம் எவ்வளவு தூரம் சென்றோம் என்னும் பதிவைப் பென்டிரைவிற் படியெடுக்க இயலாது. மாதாந்தம் பணம் கட்டும் உறுப்பினராயின் இணையச் சேமிப்பில் வைக்கலாம். அல்லாதவர் இரண்டு பெட்டிகளையும் ஒரே வலையமைப்பில் இணைத்து நேரே மாற்ற வேண்டும். புதியதில் ஒவ்வொரு விளையாட்டையும் திறந்து, பதிவு வந்துவிட்டதெனக் கண்ணாற் கண்ட பின்னரே பழையதை அழிக்க வேண்டும். நூறு மணிநேர விளையாட்டை ஒரு பொத்தானால் இழந்தவன் முகத்தை நாம் வகுப்பிற் பார்த்திருக்கின்றோம்.

பழையதைத் தம்பி தங்கையருக்குக் கொடுப்போரும் ஒன்றைக் கவனிக்க. தரவிறக்கி வாங்கிய விளையாட்டுக்களை வீட்டார் எல்லோரும் ஆட விடும் பகிர்வு வசதி ஒரு கணக்குக்கு ஒரு பெட்டியிலேதான் செல்லும். அதனைத் தம்பியின் பெட்டியில் வைத்தால் அண்ணன் தன் பெட்டியில் இணையத் தொடர்புடனேயே ஆட வேண்டும். தொடர்பு அறுந்த மாலையில் அண்ணன் தம்பி சண்டைக்கு நாம் பொறுப்பல்லோம்.

நிற்க, அன்னையாரிடம் வருவோம். அம்மா, உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. அவன் சொன்ன குறைகள் மூன்றும் உண்மையாயிருக்கக் கூடும். ஆனால், மூன்றுக்கும் மருந்து புறோ அன்று.

இடமில்லை என்கின்றான். அக்காலத்துப் பெட்டியின் சேமிப்பகம் 825 கிகாபைற். அதிலும் விளையாட்டுக்குக் கிடைப்பது 667 அளவே. பெரிய விளையாட்டு ஒன்றே நூறைத் தாண்டும் காலம் இது. பெட்டியின் உள்ளே எம்.2 என்னும் சேமிப்பகத் துண்டைச் செருக வெற்றிடம் விட்டிருக்கின்றனர். வெப்பந் தணிக்கும் தகட்டுடன் கூடிய துண்டாகப் பார்த்து வாங்க வேண்டும். செலவு புறோவின் விலையிற் சிறு பங்கே. பக்கத்து மூடியைக் கழற்றி ஒரு திருகாணியை அவிழ்க்கத் தெரிந்தவன் தானே பொருத்தலாம்.

இழுத்து இழுத்து ஓடுகின்றது என்கின்றான். பெட்டியின் அமைப்புகளில், சேமித்த தரவும் விளையாட்டு அமைப்புகளும் என்னும் பகுதிக்குட் சென்றால் வேகமா, தெளிவா எனத் தெரியும் இடம் உண்டு. அது தெளிவின் பக்கம் இருக்கின்றதா என்று பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் 32 அங்குலத் தொலைக்காட்சி பெரும்பாலும் 1920 க்கு 1080 புள்ளிகளை, அல்லது அதனினுங் குறைவாக, உடையதாகவே இருக்கும். அஃதாவது இருபது இலட்சத்துச் சொச்சம் புள்ளிகள். 4 கே திரையில் எண்பத்திரண்டு இலட்சத்துக்கு மேல். வரையும் தெளிவில் நாலில் மூன்று பங்கை அத்திரை காட்டவே மாட்டாது. ஆகவே, வேகத்தைத் தெரிந்தால் அவன் இழப்பது மிகச் சிறிது. புறோவைக் கொண்டுவந்து அதே தொலைக்காட்சியில் மாட்டினாற் கொடுத்த பணத்தின் பெரும்பங்கு திரைக்குப் பின்னாலேயே நின்றுவிடும்.

இரைகின்றது என்கின்றான். மூன்று ஆண்டுத் தூசி, அம்மா. மின்னிணைப்பைக் கழற்றி, பக்க மூடிகளை எடுத்தாற் தூசி சேர்வதற்கென்றே அமைத்த துவாரங்கள் தெரியும். உறிஞ்சியால் மெல்ல எடுக்கலாம். சுவரோடு ஒட்டியும் அலுமாரிக்குள் அடைத்தும் வைத்திருந்தால் வெளியே எடுத்துக் காற்றுப்பட வையுங்கள்.

மூத்தவருக்கு இன்றைக்கே சொல்லி அனுப்புங்கள். அவர் முற்பணம் கட்டுமுன் செய்தி போய்ச் சேர வேண்டும். தம்பிக்கு ஏதேனும் கொண்டுவந்தேயாக வேண்டும் என்று அவர் மனம் கேட்குமாயின், அந்த எம்.2 துண்டு சட்டைப்பையிலேயே அடங்கும். சின்னவன் அமைப்பை மாற்றிப் பார்த்த பின்னும் ஓட்டம் திருந்தாவிட்டால், எந்த விளையாட்டு, எந்த இடத்தில் இழுக்கின்றது என்று அவனையே எமக்கு எழுதச் சொல்லுங்கள்.