கிளாக்கோமா: அறுவையோடு கைகழுவலாமா?

கண்புரை அறுவை செய்துகொண்டவர், கட்டுப் பிரித்ததும் பேரன் முகம் தெளிவாகத் தெரிகிறது என்கிறார். கண் அழுத்த நோயான கிளாக்கோமா முற்றியபின் வருபவருக்கு அந்த மகிழ்ச்சி இல்லை. போன பார்வை போனதுதான். எஞ்சியதைக் காப்பது மட்டுமே அறுவையின் வேலை. அந்தக் காவல் எத்தனை ஆண்டு நிற்கும் என்று நம் சுகாதாரத் துறை கேட்பது அபூர்வம்.

1968இல் கண் மருத்துவர் கெய்ர்ன்ஸ் விவரித்த டிராபெகுலெக்டமி அறுவை இன்றும் பரவலாகச் செய்யப்படுகிறது. மேல் இமைக்கு அடியில், வெள்ளைவிழியில் ஒரு சிறு வடிகால் திறந்து, கண்ணுக்குள் தேங்கும் நீரை மெல்லிய படலத்தின் கீழ் கசியவிடுகிறார்கள். அங்கே கொப்புளம் போல ஒரு மேடு எழும். உடம்புக்கோ அது வெறும் காயம். ஆற்றி மூடத்தான் பார்க்கும். தழும்பு கட்டினால் வழி அடைபட்டுக் கண்ணின் அழுத்தம் ஏறும். பெரும்பாலும் வலிக்காது என்பதால் நோயாளிக்குத் தெரியவே தெரியாது. தழும்பைத் தடுக்க மைட்டோமைசின் மருந்து வைத்தால் படலம் மெலிந்து, பல ஆண்டு கழித்தும் கிருமி உள்ளே புகலாம்.

முன்பே அறுவை கண்ட கண்களில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுக்குள் டிராபெகுலெக்டமி 46.9 சதவீதம் பேருக்கும், குழாய் பொருத்தும் சிகிச்சை 29.8 சதவீதம் பேருக்கும் தோற்றிருந்தது. தோல்வி என்றால் குருடு என்று பொருளல்ல. அழுத்தம் கட்டுக்குள் நிற்காததும் மறு அறுவையும் அதில் அடக்கம். ஆகவே அறுவையே வேண்டாம் என்று யாரும் ஓடக் கூடாது. நோய் முற்றியவர்கள் 453 பேரைத் தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வில், சொட்டு மருந்தோடு தொடங்கியவர்களைவிட அறுவையோடு தொடங்கியவர்களுக்கே ஐந்தாண்டு முடிவில் அழுத்தம் குறைவு. பார்வைப் புலச் சேதமும் குறைவு.

கருவிக்கும் பஞ்சமில்லை. மலிவான வடிகுழாயை மதுரை ஆரோலேப் நிறுவனம் இங்கேயே செய்கிறது. பஞ்சம், பின்தொடர்வதில்தான். ஒவ்வொரு சோதனைக்கும் ஒருநாள் கூலி போகிறது, துணைக்கு வருபவரின் கூலியும் போகிறது; வலியில்லாத கண்ணுக்காக யார் பஸ் ஏறுவார்? 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டமோ கண்புரை அறுவைகளை எண்ணியே பழகிவிட்டது.

சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியரிடம், வட்டாரத்தில் கிளாக்கோமா அறுவை செய்துகொண்டவர்களின் பட்டியலையும் அரசு கொடுக்க வேண்டும். தவணை தவறியவரை அவர் கண்டுபிடித்து அனுப்பட்டும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பார்வை மங்கினாலோ அன்றே வர வேண்டும் என்று மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் அச்சிடட்டும். படிக்கப்போவது மங்கிய கண் என்பதால் பெரிய எழுத்தில். இப்படி அச்சிடத் தனி நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.