வீட்டுப்பாடத்தை டைரிக்கே திருப்புங்கள்

மாண்புமிகு பள்ளிக்கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

பிள்ளைகள் எந்நேரமும் செல்போனும் கையுமாக இருக்கிறார்கள் என்று மேடைக்கு மேடை பெற்றோருக்கு அறிவுரை சொல்கிறார்கள். சொல்லட்டும். ஆனால், சாயங்காலமானால் அந்தப் போனைப் பிள்ளையிடம் கொடுக்கச் சொல்வதே பள்ளிகள்தான்.

என் மகள் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். வகுப்புக்கென ஒரு வாட்ஸ்அப் குழு. வேலை முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "அம்மா, போனைக் குடு, ஹோம்வொர்க் வந்திருக்கும்" என்று கை நீட்டுகிறாள். கரும்பலகையைப் படமெடுத்து அனுப்பியிருப்பார்கள். அதைப் பெரிதாக்கிப் பார்த்து இரண்டு வரி எழுதுவதற்குள் மேலே ஏதோ ஒரு அறிவிப்பு வந்து விழும். விரல் அங்கே போய்விடும். கணக்கு பாதியில் நிற்கும். பிடுங்கினால் அழுகை, அதட்டினால் சண்டை.

2020 ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நியாயம் இருந்தது. பள்ளிகள் திறந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் ஏன்? எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குக்கூட ரைம்ஸ் வீடியோ லிங்க் அனுப்பும் பள்ளிகள் இருக்கின்றன. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை முன் உட்காரக் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

கண் கெடும், தூக்கம் கெடும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே. எனக்குப் பெரிய கவலை வேறு. எந்தத் தோழி பேசாமல் போனாள், யார் முன்னால் திட்டு விழுந்தது, டிபன் டப்பா ஏன் காலியாகவில்லை என்பதையெல்லாம் பிள்ளைகள் கேட்டால் சொல்வதில்லை. சோறு பிசையும்போது சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தானாகச் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்கான நேரத்தைத்தான் போன் தின்கிறது.

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் ஒரு கிராமம் 2022-இல் வழி காட்டியது. மாலை 7 மணிக்குச் சைரன் ஒலித்ததும் ஒன்றரை மணி நேரத்துக்கு டிவி, மொபைல் எல்லாவற்றையும் அணைத்து வைப்பது என்று முடிவெடுத்தார்கள். ஊரே சேர்ந்ததால் அது நடந்தது. இங்கே ஒரு வீடு மட்டும் குழுவிலிருந்து விலகினால், மறுநாள் அந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதாமல் வகுப்பில் எழுந்து நிற்க வேண்டும். அதனால்தான் இதைத் தங்களிடம் கேட்கிறோம்.

ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே டைரியில் எழுதி அனுப்பட்டும். மழை விடுமுறை போன்ற அவசரத் தகவலுக்கு மட்டும் வாட்ஸ்அப் இருக்கட்டும். கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் போகும் பி.டி. பீரியடு விளையாட்டுக்கே திரும்பட்டும். ஓடியாடிக் களைத்து வரும் பிள்ளைக்குப் போன் நினைப்பு குறையும்.

இதற்கு நிதி ஒதுக்க வேண்டாம், குழு அமைக்க வேண்டாம். அரசுப் பள்ளி, தனியார் பள்ளி எல்லாவற்றுக்கும் பொருந்தும்படி ஒரு சுற்றறிக்கை போதும். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் அதை அனுப்ப ஆவன செய்யுங்கள். வீட்டில் போனை ஓரங்கட்டும் பொறுப்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்