நடுவே ஏஜண்டு எதற்கு?

ஷிப்டு மாறும் நேரத்தில் கோவை, திருப்பூர் வட்டாரத்து மில் வாசல்களில் இன்று தமிழோடு இந்தி, ஒரியா, வங்காளி என்று பல பாஷைகள் காதில் விழுகின்றன. காவிரிப் பாசன வயல்களிலும் இதே நிலைதான். மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் கூட்டங்கள், ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நாற்று நடுகின்றன. ஒரே கூரையின் கீழ், ஒரே பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கிறோம். ஒரே சேற்றில் குனிந்து நிற்கிறோம். ஆனால் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

இந்த மௌனத்தால் லாபம் யாருக்கு?

வடக்கேயிருந்து வந்த தொழிலாளிக்கு மானேஜர் சொல்வது ஏஜண்டின் வாய் வழியாகத்தான் போகிறது. அவன் கேட்க நினைப்பதும் அதே வாய் வழியாகத்தான் வர வேண்டும். கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, ஓவர்டைம் எத்தனை மணி, எல்லாம் ஏஜண்டு சொன்னதுதான் கணக்கு. “இவர்கள் பாதிக் கூலிக்கு வரத் தயார்” என்று நம்மிடம் சொல்லலாம். “உள்ளூர்க்காரர்கள் உங்களை விரட்டப் பார்க்கிறார்கள்” என்று அவர்களிடம் சொல்லலாம். இரண்டையும் சரிபார்க்க வழியில்லை. பாஷை தெரிந்த ஒரே ஆள் முதலாளியின் ஆளாக இருக்கும்போது, பாஷையே முதலாளியின் ஆயுதமாகிவிடுகிறது.

இது நமக்குப் புதிய கதையா? நம் பாட்டன்மார் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனபோது, நடுவே நின்றவன் கங்காணி. துரைக்கும் கூலிக்காரனுக்கும் இடையே அவன்தான் நாக்கு, அவன்தான் கணக்கு, அவன்தான் கடன்காரன். கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ ஒன்று இல்லாமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. அந்தத் துண்டு முறை 1921ல்தான் சட்டப்படி ஒழிந்தது. வெள்ளைக்கார துரைமாரும் கொஞ்சம் தமிழ் கற்றார்கள். எதற்கு? அதட்டி வேலை வாங்குவதற்கு! வேலை வாங்குகிறவன் நம் பாஷையைக் கற்றுக்கொள்கிறான். கூட வேலை செய்கிறவன் கற்றால் என்ன கெட்டுவிடும்?

“அவர்கள் வந்ததால் எங்கள் வேலை போயிற்று” என்று நடவுக்குப் போகும் நம் பெண்கள் சொல்கிறார்கள். வேலை நாள் குறைந்தது மெய். அவர்கள் வயிற்றெரிச்சலும் நியாயம். ஆனால் ஏக்கருக்கு இன்ன ரேட் என்று நிர்ணயித்தது யார்? வங்காளத்துக் கூலிக்காரனா? நிலக்காரரும் ஏஜண்டும் பேசி முடித்த ரேட் அது. அதில் ஏஜண்டு எவ்வளவு எடுத்துக்கொண்டான், நட்டவன் கைக்கு எவ்வளவு போயிற்று என்பது நமக்குத் தெரியாது. தெரிந்தால்தானே ஒரே கூலி கேட்க முடியும்? இரண்டு கூலி இருக்கிற வரை குறைந்த கூலிதான் ஜெயிக்கும்.

இன்னொரு கேள்வியும் எழும். “இந்தித் திணிப்பை எதிர்த்த நாடு இது. நாம் இந்தி பேசலாமா?” 1965ல் தமிழ் மக்கள் எதிர்த்தது டில்லி சர்க்காரின் திணிப்பை. பிழைப்புக்கு வந்த ஏழையின் வாயில் இருக்கும் பாஷையை அல்ல. அதுவுமன்றி, வந்தவர்களெல்லாம் இந்திக்காரர்களும் அல்ல. ஒரிசாக்காரனுக்குத் தாய்மொழி ஒரியா. ஜார்க்கண்டிலிருந்து வந்த சந்தாலிப் பெண்ணுக்குச் சந்தாலி. அவர்களில் பலருக்கு இந்தியும் வெளியில் கற்ற பாஷைதான். எல்லாரையும் ‘வடக்கன்’ என்று ஒரே மூட்டையில் கட்டுவது அறியாமை. அந்தச் சொல்லில் இருக்கும் இளக்காரம் எந்தப் பாஷைக்காரனுக்கும் புரியும்.

பாஷை வேறானால் சங்கம் கட்ட முடியாது என்பவர்களுக்கு, அமெரிக்காவின் லாரன்ஸ் நகரத்து மில் தொழிலாளிகள் 1912லேயே பதில் சொல்லிவிட்டார்கள். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வார வேலை நேரத்தை 56 மணியிலிருந்து 54 ஆகக் குறைத்தது சட்டம். முதலாளிகள் கூலியையும் சேர்த்துக் குறைத்தார்கள். வாரத்துக்குச் சுமார் 32 சென்டு. ரொட்டியில் கை வைத்தார்கள்! இத்தாலியர், போலந்துக்காரர், லிதுவேனியர், சிரியர் என்று 20,000க்கும் மேற்பட்டோர் மில்லை விட்டு வெளியேறினார்கள். இந்தக் கலப்புக் கூட்டத்தைத் திரட்ட முடியாது என்று பழைய சங்கத் தலைவர்கள் எண்ணியிருந்தார்கள். ஸ்டிரைக் கமிட்டியிலோ ஒவ்வொரு இனத்தாருக்கும் சொந்தப் பிரதிநிதிகள் இருந்தார்கள். பேச்சுகள் பல பாஷைகளில் மொழிபெயர்க்கப்பட்டன. ஜனவரியில் தொடங்கிய போராட்டம் மார்ச்சில் கூலி உயர்வோடு முடிந்தது. குறைந்த கூலிக்காரருக்கே அதிக சதவிகிதம் உயர்ந்தது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொன்னது? மில்லில் ஒட்டும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளிகளுக்குப் புரியும் பாஷையிலும் இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டுப் பாக்டரிச் சட்டம். சிறுபான்மையாக வந்தவனுக்கு? அவன் கண்ணுக்கு அபாயப் பலகையும் வெறும் கோடுதான். வெளிமாநிலத் தொழிலாளிக்கென்று 1979ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போயிற்று. காண்டிராக்டர் ஒவ்வொருவருக்கும் பாஸ் புத்தகம் தர வேண்டும். கூலி விகிதத்தை அவனுடைய சொந்தப் பாஷையிலும் அதில் எழுத வேண்டும் என்றது. அந்தப் புத்தகத்தைக் கண்ணால் கண்டவர் எத்தனை பேர்? பிறகு 2020ல் இந்தச் சட்டங்களையெல்லாம் புதிய தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். காகிதத்தில் எழுதியதை அமலாக்கச் சங்கம் வேண்டும். சங்கத்துக்குப் பேச்சு வேண்டும்.

பேச்சில்லாத இடத்தில் வதந்தி எப்படிப் புகும் என்பதை 2023 மார்ச்சில் பார்த்தோம். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளிகளை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்ப் படங்கள் செல்போனில் பரவின. போலீஸ் மறுத்தது. பீகார் சர்க்காரின் குழுவே வந்து விசாரித்தது. அதற்குள் எத்தனையோ பேர் பயந்து ரயில் ஏறிவிட்டார்கள். பக்கத்து மெஷினில் நிற்பவன் சிநேகிதனாக இருந்திருந்தால், அந்தப் பொய்யை ஒரு நொடியில் அவனிடமே கேட்டுத் தெளிந்திருக்கலாமே!

ஆகவே, செய்ய வேண்டியது என்ன?

முதலில் உயிரைக் காக்கும் சொற்கள். மெஷினில் கை மாட்டப் போகிறவனிடம் “நிறுத்து!” என்று தமிழில் கத்தினால் அவனுக்கு எட்டாது. இந்தியில் ‘ருகோ’, வங்காளியில் ‘தாமோ’. இப்படிப் பத்துச் சொற்களை நாம் கற்போம். பத்துத் தமிழ்ச் சொற்களை அவர்களுக்குக் கற்பிப்போம். இரண்டாவது, சங்கக் கூட்டத்தில் அவர்களிலேயே தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்க வேண்டும். ஏஜண்டுக்கு அங்கே இடமில்லை. மூன்றாவது, துண்டுப் பிரசுரங்கள் அவர்கள் எழுத்திலும் அச்சாக வேண்டும். நான்காவது, கமிட்டியில் அவர்களுக்கும் நாற்காலி வேண்டும். பார்வையாளராக அல்ல, உறுப்பினராக. சத் பூஜைக்கு அவர்கள் லீவு கேட்டால், பொங்கலுக்கு நாம் கேட்பதுபோல் எண்ணிச் சங்கம் துணை நிற்க வேண்டும்.

இவற்றுக்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. அடுத்த சம்பள நாளில் பக்கத்து மெஷின்காரனிடம் உங்கள் சம்பளச் சீட்டை நீட்டுங்கள். அவன் சீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். எண்களுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். யாருக்கு எவ்வளவு குறைகிறது என்பது இருவருக்கும் புரியும். பேச்சு அங்கேயே தொடங்கட்டும்.