பார்த்து வரைவதா? பார்த்ததை வரைவதா?

"இயற்கைக் காட்சி வரைக" என்று சொன்னால் போதும், எங்கள் கைகள் தாமாகவே ஓடத் தொடங்கிவிடும். இரண்டு மலைகள், நடுவே எழும் சூரியன், அங்கிருந்து இறங்கி வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, அருகில் ஒரு தென்னை. வகுப்பில் ஐம்பது பேர் இருந்தால் ஐம்பது தாள்களிலும் இதே காட்சிதான்! எங்களுள் பலர் மலையை அருகில் கண்டதுகூட இல்லை. எதிர் வீட்டு மாடியின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து சூரியன் எழுவதைத்தான் நாள்தோறும் காண்கிறோம். ஆனால் அந்தத் தொட்டியை வரையும் துணிவு எங்களுக்கு வந்ததில்லை. யாரோ என்றோ வரைந்து காட்டியதையே இன்றும் வரைந்துகொண்டிருக்கிறோம். இது சரிதானா?

இக்கேள்வியை நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஜப்பானில் ஒருவர் எழுப்பினார். அவர் பெயர் யாமமோத்தோ கனாயே. ஜப்பானிய ஓவியம் என்றதும் ஹொகுசாய், ஹிரோஷிகே ஆகியோரைக் குறிப்பிடுபவர்கள்கூட இவரை அறிந்திருப்பது அரிது.

1882ஆம் ஆண்டு பிறந்த கனாயே, சிறுவனாக இருந்தபோதே டோக்கியோவில் மரச்செதுக்குத் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். மற்றவர் வரைந்த படத்தைக் கோடு பிசகாமல் மரக்கட்டையில் செதுக்குவதே அங்கு வேலை. அந்நாட்டின் பழைய மரக்கட்டை அச்சோவியங்களும் பலர் கூடிச் செய்தவையே. ஓவியர் வரைவார், செதுக்குபவர் செதுக்குவார், அச்சிடுபவர் மை பூசித் தாளில் பதிப்பார், பதிப்பாளர் விற்பார். அம்முறையில் உலகம் போற்றும் ஓவியங்கள் பிறந்தன என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் உளி பிடித்தவரின் உள்ளத்தில் இருந்ததைக் கேட்பார் யார்?

1904ஆம் ஆண்டு, ஓவியக் கல்லூரி மாணவராக இருந்த கனாயே, சோஷி என்னும் கடற்கரை ஊருக்குச் சென்றார். அங்கே கண்ட ஒரு மீனவரைத் தாமே வரைந்தார், தாமே செதுக்கினார், தாமே அச்சிட்டார். இரண்டே நிறங்கள் கொண்ட அந்தச் சிறு படம் 'மியோஜோ' என்ற இதழில் வெளிவந்தது. 'படைப்பு அச்சோவிய' இயக்கத்தின் தொடக்கம் அதுவே என்று இன்று கூறுகின்றனர். 1918இல் அவ்வியக்கத்தாருக்கு ஒரு சங்கமும் அமைந்தது. அதை நிறுவியவர்களுள் கனாயேயும் ஒருவர்.

ஆயினும், எங்கள் மனத்தைக் கவர்ந்தது அவருடைய அடுத்த பணியாகும். ஐரோப்பாவில் சில ஆண்டுகள் வாழ்ந்துவிட்டு 1916இல் மாஸ்கோ வழியாகத் தாயகம் திரும்பியபோது, அந்நகரில் குழந்தைகள் வரைந்த படங்களைக் கண்டு வியந்தார். ஜப்பானியப் பள்ளிகளிலோ மாணவர்கள் மாதிரிப் படத்தைப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டிருந்தனர். "மாதிரியை மூடி வைப்போம், குழந்தை தன் கண்ணால் கண்டதை வரையட்டும்" என்பதே கனாயேயின் கொள்கையாயிற்று. 1919இல் நகானோ மாநிலத்தின் கங்காவா தொடக்கப் பள்ளியில் அவர் நடத்திய சிறுவர் ஓவியக் கண்காட்சிக்கு 9,000க்கும் மேற்பட்ட படங்கள் வந்து குவிந்தனவாம்!

1921இல் டோக்கியோவில் ஹானி மோத்தோகோ என்ற அம்மையாரும் அவர் கணவரும் 'ஜியூ ககுவென்' என்னும் பெண்கள் பள்ளியைத் தொடங்கினர். கிறிஸ்தவர்களாகிய அவர்கள், 'சுதந்திரப் பள்ளி' எனப் பொருள்படும் அப்பெயரை யோவான் நற்செய்தியின் கருத்திலிருந்து எடுத்தனர். அப்பள்ளியில் ஓவியம் கற்பித்தவர் கனாயேதான். எங்களைப் போன்ற மாணவியர் அவர் முன் தூரிகையோடு அமர்ந்திருந்தனர் என்று எண்ணும்போதே மகிழ்ச்சி பொங்குகிறது. நாங்கள் பயன்படுத்தும் ஆயில் பேஸ்டலும் அவருடைய கொள்கையால் ஊக்கம் பெற்ற சகுரா நிறுவனத்தார் 1925இல் உருவாக்கியதே. கனாயே 1946இல் மறைந்தார். அந்த வண்ணப் பெட்டி இன்றும் எங்கள் பையில் இருக்கிறது.

"பார்த்து வரையாமல் கை பழகுமா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கனாயேயின் கையைப் பழக்கியதும் அந்தச் செதுக்குப் பட்டறைதான். அறிவியல் நோட்டில் இதயத்தின் படத்தை எங்கள் விருப்பம்போல் வரைந்தால் மதிப்பெண் கிடைக்குமா? உளி பிடிக்கவும் கோடு இழுக்கவும் பிறரிடம்தான் கற்க வேண்டும். ஆனால் கற்ற கையால் எதை வரைவது என்பதை எங்கள் கண்கள் சொல்ல வேண்டும் என்கிறோம்.

ஆகவே, மதிப்பிற்குரிய சகோதரிகளுக்கும் பெற்றோருக்கும் எங்கள் பணிவான வேண்டுகோள்கள் இரண்டு. அரசுத் தேர்வு நெருங்கும் வரையிலாவது, வாரம் ஒரு முறை வரும் ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்திற்குக் கொடுத்துவிடாதீர்கள். ஓவியப் போட்டிகளில் மாதிரியைப் பார்த்து வரைந்த அழகான படத்தைவிட, சொந்தக் கண்ணால் கண்டு வரைந்த கோணலான படத்திற்கு முதலிடம் தாருங்கள்.

தோழியரே, நம் பங்கிலும் குறை உண்டு. தங்கை காகத்திற்கு நீல நிறம் தீட்டியபோது அவள் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கித் 'திருத்தி'யவர்கள் நாம்தானே? வெயிலில் காகத்தின் சிறகு நீலமாய் மின்னுவதை அவள் கண்டிருக்கக்கூடும். அடுத்த முறை அவளை வரையவிட்டு, அருகில் அமர்ந்து நாமும் பார்ப்போம்.

— பத்தாம் வகுப்பு மாணவி