சக்கரத்தின் பின்னே ஒரு ரப்பர் உறை

உங்கள் தெருவில் நிற்கும் சிறு கார் ஒன்றின் முன்சக்கரத்துக்குப் பின்னே எப்போதாவது எட்டிப் பார்த்ததுண்டா? அடுத்த முறை பாருங்கள். கனத்த சுருள்வில் ஒன்று தெரியும். அதன் நடுவே, ஆர்மோனியத்தின் துருத்தியைப் போல மடிப்பு மடிப்பாக, கறுப்பு உறை ஒன்று இருக்கும். பட்டறைக்காரர்களில் சிலர் இதை 'பூட்' என்பர்; சிலர் 'டஸ்ட் கவர்' என்பர். காரில் உள்ள உறுப்புகளில் மிக மலிவானவற்றுள் இதுவும் ஒன்று. கிழிந்தாலும் கார் ஓடும். ஆகவே யாரும் இதைச் சட்டை செய்வதில்லை. அது தவறு என்பது என் கட்சி.

விழுப்புரம் மாவட்டத்துக் கண்டாச்சிபுரத்தில், சாலையோரப் பட்டறை ஒன்றில், இதற்கு எதிர்க்கட்சியின் வாதத்தை நேரிலேயே கேட்டேன். பழைய மாருதி 800 ஒன்று அங்கே நின்றது. அதன் சொந்தக்காரர் ஒரு விவசாயி. நோயாளியான தம் தாயாரை முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அடிக்கடி அழைத்துப் போகிறவர். முன்சக்கரங்கள் இரண்டிலும் உறை கிழிந்து தொங்கியது.

"கவர்தானே சார்! இதுக்காக முழுசாப் பிரிக்கணும். கவர் விலை கொஞ்சம், கூலிதான் அதிகம். ஷாக் போறப்போ சேர்த்து மாத்திக்கலாம், விடுங்க" என்றார் மெக்கானிக். ஓராண்டுக்கு முன்பும் இதே பதிலைக் கேட்டுத்தான் வீடு திரும்பியதாக அந்த விவசாயி சொன்னார்.

மெக்கானிக் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. உறையை மாற்ற வேண்டுமானால் சக்கரத்தைக் கழற்றி, அதிர்வு தாங்கியை வண்டியிலிருந்து பிரித்து, சுருள்வில்லை நெருக்கிப் பிடித்து, மேல் நட்டைத் திருகி எடுக்க வேண்டும். அதிர்வு தாங்கியையே மாற்றுவதற்கும் இதே வேலைதான். ஒரே கூலியில் இரண்டையும் முடிப்பது இலாபமாகத்தான் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப் போயிருக்கிறது. அதைக் காண, அந்த உறைக்குள் என்ன நடக்கிறதென்று தெரிய வேண்டும்.

சுருள்வில்லை அழுத்தி விட்டால் அது உடனே ஓய்வதில்லை, மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதை உங்கள் ஆய்வகத்திலேயே பார்த்திருப்பீர்கள். காரும் அப்படி ஆடினால் என்ன ஆகும்? ஆட்டத்தை அடக்குவதற்காகவே வில்லுக்குள் எண்ணெய் நிரம்பிய குழாய் ஒன்றை வைத்திருக்கிறார்கள். வழவழப்பான எஃகுத் தண்டு ஒன்று அதனுள் போய்வரும். தண்டின் முனையிலுள்ள பிஸ்டனில் சிறு துளைகள் உண்டு. எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்கியடித்துச் செல்லும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது. மேடுபள்ளமான சாலையில் வெகுதூரம் ஓடிய வண்டியின் அதிர்வு தாங்கி சூடாக இருப்பது இதனால்தான்.

மாருதி 800 போன்ற சிறு கார்களில் இத்தண்டுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஏர்ல் மாக்பெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், வில்லையும் அதிர்வு தாங்கியையும் ஒரே தூணாக இணைத்து, சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையையும் அத்தூணுக்கே கொடுத்தார். 1940களின் இறுதியில் ஃபோர்டு நிறுவனத்தார் பிரான்சில் செய்த வெடெட் காரில் இந்த அமைப்பு வந்தது. இடமும் மிச்சம், செலவும் மிச்சம். எனவே உலகெங்கும் சிறு கார்கள் இதைப் பிடித்துக்கொண்டன. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, நம் நாட்டின் ஊர் ஊருக்கும் இதைக் கொண்டுவந்தது. அந்தக் காரின் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. ஆனால் ஓடுகிற வண்டிகள் இன்னும் உண்டு. பிரேக் பிடிக்கும்போதும், வளைவில் திரும்பும்போதும் சக்கரம் தரும் பக்கவாட்டு விசையில் ஒரு பங்கை இத்தூணும் ஏற்கிறது. தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உரசும். அது வழவழப்பாக இருக்கும் வரைதான் இதைத் தாங்கும்.

இப்போது கண்டாச்சிபுரத்துப் புழுதிக்கு வருவோம். செஞ்சி முதல் திருவண்ணாமலை வரை கருங்கற் பாறைகள் நிறைந்த பகுதி இது. பாறை நொறுங்கி வரும் தூளில் குவார்ட்ஸ் உண்டு. மோஸ் என்பவர் வகுத்த கடினத்தன்மை அளவில் அதன் எண் 7, கண்ணாடியைக் கீறிவிடும். (இதே தூள் கல்லுடைக்கும் தொழிலாளியின் நுரையீரலில் ஆண்டுக்கணக்கில் படிந்தால் சிலிக்கோசிஸ் என்னும் தீராத நோய் வருகிறது. அது தனியே எழுத வேண்டிய பெரிய கதை.) தண்டு குழாய்க்குள் நுழையும் வாயில் ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம் ஒன்று எண்ணெயை வழித்து உள்ளேயே நிறுத்துகிறது. உறை கிழிந்துவிட்டால் புழுதி நேரே தண்டின் மேல் படியும். தண்டில் மெல்லிய எண்ணெய்ப் படலம் எப்போதும் இருப்பதால் தூள் பசை போட்டாற்போல் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் ஒவ்வொரு குலுக்கலும் சீலின் விளிம்பில் உப்புத்தாள் தேய்ப்பதற்குச் சமம். மழைக்காலத்தில் சேறும் சேரும். கல் பட்டுப் பூச்சு பெயர்ந்த இடத்தில் துரு ஏறும். துருவேறிய தண்டு சீலை அறுக்கும். எண்ணெய் கசிந்து போகும்.

மெக்கானிக்கின் கணக்கில் விட்டுப் போன வரி இதுதான். 'ஷாக் போறப்போ' என்று அவர் சொல்கிறாரே, அது எப்போது போகும் என்பதை முடிவு செய்வதே அந்த உறைதான்!

எண்ணெய் போனால் வண்டி குலுங்கும், அவ்வளவுதானே என்பீர்கள். இல்லை. உராய்வு விசை, தொடும் பரப்புகளை அழுத்தும் விசையைப் பொறுத்தது என்று படித்திருக்கிறீர்கள். அடக்குவாரில்லாத சக்கரம் மேடுபள்ளத்தில் துள்ளும். துள்ளும் கணத்தில் டயர் சாலையை அழுத்துவதில்லை. அழுத்தம் இல்லையேல் உராய்வு இல்லை; உராய்வு இல்லையேல் பிரேக் மிதித்தும் பயனில்லை. நோயாளியை ஏற்றிக்கொண்டு விரையும் வண்டிக்கு, குறுக்கே ஓர் ஆடு வந்தால், நிற்கும் தூரம் ஓரிரு அடி கூடினாலும் போதாதா?

ஆனால் என் கட்சிக்கும் எல்லை உண்டு. தண்டு உலர்ந்து பளபளப்பாக இருந்தால் கூலியைப் பாராமல் உறையை மாற்றுவதே சரி. எண்ணெய் ஏற்கெனவே கசிந்து, அதில் புழுதி அப்பிச் சேறாகிவிட்டதென்றால், புது உறை மட்டும் போடுவது ஓட்டைக் குடத்துக்கு மூடி தேடுவது போலத்தான். அப்போது மெக்கானிக் சொல்வதே சரி. சிலர் பழைய சைக்கிள் டியூபை வெட்டித் தண்டின் மேல் சுற்றிக் கட்டிவிடுகிறார்கள். அந்தச் சாமர்த்தியத்தை நான் மெச்சுகிறேன்; ஆனால் ஒப்பவில்லை. உறையின் உயிர் அதன் மடிப்பில் இருக்கிறது. தண்டு போய்வரும் நீளத்துக்கெல்லாம் அது விரிந்து சுருங்க வேண்டும். டியூப் அப்படிச் சுருங்காது. தண்ணீரையும் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு நீங்களே ஸ்பேனருடன் இறங்கிவிடாதீர்கள்! நெருக்கிய சுருள்வில் ஒரு தூங்கும் புலி. கணக்குக்காக, வில்லின் விறைப்பை மீட்டருக்கு 20,000 நியூட்டன் என்றும், நெருக்கிய நீளத்தை 15 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். அதிலுள்ள நிலையாற்றல் 225 ஜூல். ஆளுயரத்துக்கும் மேலே, சுமார் 2.3 மீட்டர் உயரத்திலிருந்து 10 கிலோ கல் விழுவதற்கு இது சமம். வில்லைப் பிடிக்கும் தக்க கருவியில்லாமல் மேல் நட்டைத் திருகினால் அவ்வளவும் ஒரே நொடியில் முகத்தில் பாயும். பார்ப்பது உங்கள் வேலை. பிரிப்பது தெரிந்தவர் வேலை. பார்ப்பதும் எப்படி? வண்டி சமதரையில், எஞ்சின் நின்று, கைப்பிரேக் போட்டபடி இருக்கட்டும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பச் சொல்லுங்கள். டார்ச் விளக்கடித்து உறையின் மடிப்புகளை நோக்குங்கள். ஜாக்கியில் தூக்கிய வண்டிக்கடியில் தலையை நுழைக்கவே கூடாது.

கண்டாச்சிபுரத்து மாருதியை அன்று பிரித்தே பார்த்தார்கள். இடப்பக்கத் தண்டு உலர்ந்திருந்தது. உறை மட்டும் போதும். வலப்பக்கம் எண்ணெய் வழிந்து குழம்பாகியிருந்தது. ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாய் இருந்தால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம் என்பதால் அதிர்வு தாங்கிகளை இணையாகவே மாற்றுவது வழக்கம். ஆக, நல்லதும் கெட்டதோடு சேர்ந்து கழிந்தது. ஓராண்டுக்கு முன்பு இரண்டு உறைகளுக்கும் கூலிக்கும் கொடுத்திருக்க வேண்டியதைப் போலப் பல மடங்கு அந்த விவசாயி கொடுத்தார்.

கழற்றிய உறைகளில் ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். அது கிழிந்தது புழுதியால் அன்று. 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதியாக்கினார். பங்ச்சர் கடைப் பலகையில் காணும் 'வல்கனைசிங்' அதுதான். அப்படிச் செய்த இயற்கை ரப்பரிலும் இரட்டைப் பிணைப்புகள் நிறைய மிஞ்சுகின்றன. காற்றில் சிறிதளவே உள்ள ஓசோன் அவற்றைத் தேடிப்பிடித்து வெட்டுகிறது. அதுவும் இழுபட்ட நிலையில் உள்ள ரப்பரைத்தான் பிளக்கிறது. நீங்கள் செய்து பார்க்கலாம். இரண்டு ரப்பர் வளையங்களில் ஒன்றை இழுத்து ஒரு மரக்கட்டையில் மாட்டுங்கள். மற்றதைத் தளர்வாக விடுங்கள். இரண்டையும் வெயில் படும் சன்னலில் சில வாரம் வைத்து, பின் உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கள். இழுபட்டதில் வெடிப்புகள் இழுத்த திசைக்குக் குறுக்காக ஓடும். என்னிடமுள்ள உறையிலும், ஒவ்வொரு மடிப்பின் முகட்டிலும், அதே போல்தான் ஓடுகின்றன.