பெண்ணுக்கு வீடு தரும் பட்டணம்



இம்மாதம் நாம் பார்க்கப் போகும் ஊர் உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் மூத்தும்மாவின் பேச்சிலோ, கொழும்பில் மாணிக்க வியாபாரம் செய்த பெரியவர்களின் கதைகளிலோ காயல்பட்டணம் என்ற பெயரை ஒரு முறையேனும் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டின் தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் வடக்கே, மன்னார் வளைகுடாவின் கரையில் இருக்கிறது இவ்வூர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் இப்பட்டணம் 2004இல் நகராட்சியானது.

'காயல்' என்றால் கடலும் ஆறும் கலக்கும் உப்பங்கழி. தாமிரபரணி ஆறு கொண்டு வந்து கொட்டிய மண்தான் இக்கரையின் சரித்திரத்தை எழுதியது. சங்க காலத்தில் முத்துக்குப் பேர்போன துறைமுகம் கொற்கை. ஆற்று மண் அதைத் தூர்க்கவே கடல் விலகியது. கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே கிராமமாகக் கிடக்கிறது. வணிகம் பழையகாயலுக்கு நகர்ந்தது, அதுவும் பின்னர் தூர்ந்தது. இறுதியில் தூத்துக்குடி தலையெடுத்தது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே வந்த வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ, 'காயில்' என்ற பெருந்துறையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் அங்கே தங்கின. அக்குதிரைகளைப் பாண்டிய மன்னர்கள் பெருந்தொகை கொடுத்து வாங்கினார்கள். அந்தத் துறை பழையகாயலே என்பது 19ஆம் நூற்றாண்டில் அங்கே அகழ்ந்து பார்த்த கால்டுவெல் பாதிரியாரின் முடிவு. எதுவாயினும், அரபு வணிகர் வந்து தங்கிக் கலந்த கரை இதுவே. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசர் முத்துக்குளிப்பைத் தம் கைக்குள் கொண்டுவந்தபோது இக்கரை முஸ்லிம்களின் கடல் வாணிபம் பலத்த அடி வாங்கியது. ஆனாலும் அவர்கள் கடலை விட்டுவிடவில்லை. கொழும்பும் இரத்தினபுரியும், பிற்காலத்தில் ஹொங்கொங்கும் வளைகுடா நாடுகளும் காயல் ஆண்களின் தொழிற்களங்களாயின.

பொருளோடு அறிவும் கடல் கடந்தது. சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் பிறந்தது இவ்வூரில்தான். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களும் காயலில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்தவர்கள். இலங்கைக்குப் பலமுறை வந்தவர்கள். வெலிகமையின் பாரி அரபுக் கலாசாலையோடு அவர்கள் பெயர் இன்றும் சேர்ந்தே பேசப்படுகிறது. தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத் தமிழில் அவர்கள் இயற்றிய மார்க்க நூல்கள், பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நம் முன்னோர் பெண்கள் பலருக்குத் தொழுகையையும் நோன்பையும் கற்றுக்கொடுத்தன. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் அத்தகைய ஏடு ஒன்று இருந்தால், செல்லரிக்க விடாதீர்கள்.

ஒற்றுமைகள் இன்னும் உண்டு. அங்கும் உம்மா, வாப்பா, காக்கா என்றே அழைக்கிறார்கள். பேருவளை கெச்சிமலையில் புகாரி ஷரீப் ஓதப்படுவது போலவே காயலிலும் ஓதப்படுகிறது. கல்யாண விருந்தில் நம்மவர் சஹனைச் சுற்றி உட்காருவது போல அங்கும் ஒரே தட்டில் கூடி உண்பார்கள். நெய்ச்சோறும் களறிக் கறியும் கத்தரிக்காய் மாங்காயும் அவர்களுடைய விருந்துக்குப் பேர்போனவை.

இனிப் போகும் வழி. ஒரு காலத்தில் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலேறினால் காயல் பக்கத்தூர்தான். வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ஓடியதும் இந்தப் பாதையில்தான். 1914இல் தலைமன்னார் – தனுஷ்கோடி கப்பல் சேவை வந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் இராமேஸ்வரத்திலிருந்து ஓடி, 1980களில் யுத்தத்தோடு நின்றது. 2011 ஜூனில் கொழும்பு – தூத்துக்குடி கப்பல் மீண்டும் ஓடியது. சில மாதங்களே நீடித்தது. 2023 ஒக்டோபரில் தொடங்கிய காங்கேசன்துறை – நாகபட்டினம் கப்பல் இடையில் நின்று 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்டது. ஆனால் நாகபட்டினத்திலிருந்து காயலுக்குத் தரைவழி வெகு தூரம். ஆகவே, விமானத்தில் மதுரைக்கோ திருச்சிக்கோ போய் அங்கிருந்து பஸ்ஸிலோ வாடகை வாகனத்திலோ செல்வதே குழந்தை குட்டிகளோடு போகும் சகோதரிகளுக்கு இலகு. தூத்துக்குடியிலிருந்தும் திருச்செந்தூரிலிருந்தும் பஸ்கள் நிறைய உண்டு. 1923இல் திறக்கப்பட்ட திருநெல்வேலி – திருச்செந்தூர் ரயில் பாதையில் காயல்பட்டணத்துக்குத் தனி நிலையம் இருக்கிறது. சென்னையிலிருந்து வரும் செந்தூர் எக்ஸ்பிரஸ் இவ்வழியே செல்கிறது.

கார்த்திகை, மார்கழி மாதங்களில் மட்டும் வானிலையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். 2023 டிசம்பர் 17, 18ஆம் திகதிகளில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்ரிமீற்றர் மழை காயல்பட்டணத்தில் கொட்டித் தீர்த்தது. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, சுமார் 800 பிரயாணிகள் வெள்ளத்தின் நடுவே அகப்பட்டார்கள். சிலர் இரண்டு நாட்கள் அங்கேயே இருந்தார்கள். பக்கத்துப் புதுக்குடிக் கிராமத்தார் தம்மிடமிருந்ததைக் கொண்டு சமைத்து அவர்கள் பசியைப் போக்கினார்கள்.

சகோதரிகளே, காயலைப் பற்றி உங்களோடு பேச நினைத்ததற்கு முக்கிய காரணம் வேறொன்று. அவ்வூரின் வீடுகள்!

தெருவழியே ஆண்கள் நடக்க, வீடுகளுக்கு இடையே 'முடுக்கு' எனப்படும் குறுகிய சந்துகள் பெண்களுக்கென்று இருக்கின்றன. அதன் வழியே ராத்தா வீட்டுக்கும் மாமி வீட்டுக்கும் போய் வரலாம். பெண்கள் கூடி வணங்கவும் ஓதவும் தனித் தைக்காக்கள் உண்டு. எல்லாவற்றிலும் மேலாக, அங்கே கல்யாணம் முடிந்ததும் பெண் புகுந்த வீடு போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தமிழ்நாட்டின் பிற ஊர்களில் 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பது கேலிப் பேச்சு. காயலில் அதுவே ஊர் வழமை. காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுச் சகோதரிகள் இதை வாசித்துச் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டிலும் இதுதானே நடக்கிறது!

இதன் பெறுமதியை நினைத்துப் பாருங்கள். கணவன் வருடக்கணக்கில் கடல் கடந்து தொழில் செய்யும்போது மனைவி அந்நியர் நடுவில் இல்லை, தன் உம்மாவின் மடியருகே இருக்கிறாள். விதவையானாலும் தலாக் சொல்லப்பட்டாலும், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கும் நிலை அவளுக்கு வருவதில்லை.

ஆனால் அந்த வீட்டை எழுப்புவது யார்? நான்கு பெண்மக்களைப் பெற்ற வாப்பாவின் நிலையை எண்ணிப் பாருங்கள். தங்கைக்கு வீடு கட்டி முடிக்கும்வரை தன் கல்யாணத்தைத் தள்ளிப்போடும் காக்காமார் எத்தனை பேர்! நம் கிழக்கு மாகாணத்தில் மகளுக்குக் கல் வீடு கட்டவென்று உம்மாவே குவைத்துக்கும் சவூதிக்கும் பணிப்பெண்ணாகப் போன கதைகள் கொஞ்சமா? மஹர் கொடுக்க வேண்டியவர் மாப்பிள்ளை. பெற்றோர் மனம் விரும்பி மகளுக்குக் கொடுப்பது அன்பளிப்பு. 'வீடு இல்லையென்றால் பெண் வேண்டாம்' என்று நிபந்தனை போட்டு வாங்குவதை அந்தப் பெயரால் அழைக்க முடியாது.

வீடு கொடுப்பதோடு காரியம் முடிந்துவிடுவதுமில்லை. அது யார் பெயரில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கிழக்குக் கரையில் புதிய வீடுகள் கொடுக்கப்பட்டபோது, 'குடும்பத் தலைவர்' என்று கேட்ட இடத்தில் கணவரின் பெயரே பெரும்பாலும் எழுதப்பட்டது. தலைமுறை தலைமுறையாக உம்மாவிடமிருந்து மகளுக்கு வந்த வீட்டு உரிமை, ஒரு படிவத்தின் ஒரு வரியில் பல குடும்பங்களில் கைமாறிப் போனது. யாரும் சதி செய்து நடந்ததல்ல. கேட்க வேண்டிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை.

எனவே சகோதரிகளே, மகளுக்கு வீடு கொடுப்பதானால் உங்கள் சக்திக்குள் கொடுங்கள். கடன்பட்டுக் கொடுக்காதீர்கள். மகனுக்குப் பெண் தேடும்போது வீட்டின் அகல நீளத்தை விசாரிக்காதீர்கள். கொடுத்த வீட்டுக்கு முறைப்படி உறுதி எழுதி, அதில் மகளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு உங்கள் பெற்றோர் தந்த வீடு என்றால், அலுமாரியில் இருக்கும் அந்த உறுதியை இன்றிரவே எடுத்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.