எதிரியாக இருந்த ‘வித்’

எங்கள் ஊர்ப் பக்கம் கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மணமகள் பெயருக்கும் மணமகன் பெயருக்கும் நடுவே ‘வித்’ என்று அச்சடித்திருப்பார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலேயன் ஒருவன் அதைப் படித்தால் மல்யுத்த நோட்டீஸ் என்றே நினைத்திருப்பான். பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்பதற்கு ‘எதிராக’ என்பதே முதன்மையான பொருள். ‘கூட’ என்று சொல்ல ‘மிட்’ என்றொரு சொல் தனியாக இருந்தது. ஜெர்மன்காரர்கள் இன்றும் அதற்கு ‘மிட்’ என்றுதான் சொல்கிறார்கள்.

எதிரி எப்படிக் கூட்டாளி ஆனான்? சண்டைக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும். அவனை எதிர்த்துப் போட்டாலும் அவனோடு போட்டாலும் சண்டை ஒன்றுதான். ‘பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறு’ என்று நாமும்தானே சொல்கிறோம்? இங்கிலாந்தில் குடியேறிய வட ஐரோப்பிய வைக்கிங்குகளின் மொழியில் இருந்த இதே இனத்துச் சொல்லும் இந்த மாற்றத்துக்குக் கைகொடுத்தது என்பார்கள். 14ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ‘மிட்’ ஏறக்குறைய மறைந்து, அதன் இடத்தில் ‘வித்’ உட்கார்ந்துவிட்டது. ‘மிட்வைஃப்’ என்ற சொல்லில் மட்டும் பழைய ‘மிட்’ மிச்சமிருக்கிறது. ‘வைஃப்’ அன்று பொதுவாகப் பெண்ணைக் குறித்தது. பிரசவத்தின்போது கூட இருக்கும் பெண் மிட்வைஃப். ‘வித்’தின் பழைய குணமும் முழுக்கப் போய்விடவில்லை. எதிர்த்து நிற்பது ‘வித்ஸ்டாண்ட்’. வங்கியில் பணத்தைத் திரும்ப எடுப்பது ‘வித்ட்ராயல்’. தேர்வு முடிவை வெளியிடாமல் நிறுத்திவைத்தால் ‘வித்ஹெல்ட்’.

அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். இந்தக் கதையில் ஒரு வரிகூட எங்கள் பாடத்தில் வந்ததில்லை. கோடிட்ட இடத்தை நிரப்புக, ஒரு மதிப்பெண், அடுத்த கேள்வி. எங்கே ‘வித்’, எங்கே ‘பை’ என்ற பட்டியலைப் பிள்ளைகள் உருப்போடுவார்கள், தேர்வு முடிந்ததும் மறப்பார்கள். ‘கத்தியால் வெட்டினான்’ என்பதற்கு ‘வித் எ நைஃப்’ என்று எழுதாமல் ‘பை எ நைஃப்’ என்று எழுதும் மாணவன் எல்லா வகுப்பிலும் உண்டு. அவனைச் சும்மா அடித்துத் திருத்திப் பயனில்லை. செயப்பாட்டுவினைப் பாடத்தில் ‘ஆல்’ என்றால் ‘பை’ என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான்.

அவனுக்குப் பக்கத்து வகுப்பில் பதில் இருக்கிறது. ‘ஆல், ஆன், ஒடு, ஓடு’ ஆகியவை மூன்றாம் வேற்றுமை உருபுகள். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பவை அவற்றின் பொருள்கள் என்று நன்னூலை வைத்துத் தமிழாசிரியர் நடத்திவிட்டுப் போகிறார். ‘இராவணன் இராமனால் அம்பால் கொல்லப்பட்டான்’ என்ற வாக்கியத்தில் இரண்டு ‘ஆல்’. முதலாவது கருத்தா, ஆங்கிலத்தில் ‘பை’. இரண்டாவது கருவி, ஆங்கிலத்தில் ‘வித்’. ‘இலக்குவனோடு போனான்’ என்றால் உடனிகழ்ச்சி, அதற்கும் ‘வித்’. தமிழ் ஒரு கூரையின் கீழ் வைத்த மூன்றை ஆங்கிலம் இரண்டு வீடாகப் பிரித்திருக்கிறது, அவ்வளவுதான். நான் கரும்பலகையில் இப்படி எழுதிக் காட்டிய வகுப்புகளில், உருப்போடாத பிள்ளைகளும் காரணம் சொல்லி விடை எழுதினார்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசலாமா என்று முகம் சுளித்த அதிகாரிகளும் உண்டு. தெரிந்த மொழியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தெரியாத மொழியை எதன்மேல் கட்டுவது?

கேள்வித்தாளும் மாற வேண்டும். ‘ஹி ஃபாட் வித் த ஜப்பானீஸ்’ என்று ஒரு வாக்கியம் கொடுங்கள். மலாயாவில் நேதாஜியின் படையில் சேர்ந்த தமிழனைப் பற்றியது என்றால் அவன் ஜப்பானியர் பக்கம் நின்றவன். பர்மாவில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் இருந்தவனைப் பற்றியது என்றால் அவர்களை எதிர்த்தவன். இரண்டு பொருளையும் எழுதச் சொல்லி, குழப்பம் வராதபடி வாக்கியத்தை மாற்றி அமைக்கவும் சொல்லுங்கள். பட்டியல் மனப்பாடம் அங்கே உதவாது. யோசித்துத்தான் ஆக வேண்டும். ஒற்றைச் சொல் விடையைவிட இதைத் திருத்த நேரமாகும் என்று ஆசிரியர்கள் முணுமுணுக்கலாம். முணுமுணுக்கட்டும், சம்பளம் அதற்கும் சேர்த்துத்தான்.